மூன்று கண்ணிலும் சந்தனம்

புது வீடியோ கேம் மெஷின் ஒன்று கடைக்கு வந்தபின் ஏன் படுத்துவிடுகிறது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. விலை, போட்டி, போதாத விளையாட்டுகள். அத்தனையும் படித்துவிட்டுத்தான் மச்சானிடம் சொன்னேன், இது ஓடும் என்று. சந்தனத்தைப் பற்றி ஒருத்தனும் எழுதவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் காலேஜ் பையன்களை நம்பி கேம் கடை வைத்திருந்தான். 2011 வாக்கில் கடலூரில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று வந்தது. பையன்கள் பஸ் ஏறிவிட்டார்கள். கடைசி நம்பிக்கையாக, கையில் எதையும் பிடிக்காமல் எதிரே நின்று கைகாலை ஆட்டியே ஆடும் புது மெஷினை வாங்கினான். அதுவும் ஓடாவிட்டால் அப்பாவின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும். அதற்கு ஜெயில் தேவலை என்பான்.

மெஷினோடு வரும், டிவிக்கு அடியில் வைக்கும் நீளப் பட்டைதான் ஆளைப் பார்க்கும். அதன் முகப்பில் கேமரா மாதிரி மூன்று கண்கள். பூஜை போட்ட அன்று மூன்றிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தான்.

"முக்கண்ணு மாமா. நம்ம ஊர்ல ஓடாம வேற எங்க ஓடும்?"

பையன்கள் கூட்டமாக வந்து குதித்தார்கள், காற்றைக் குத்தினார்கள், வேர்த்தார்கள். திரையில் பொம்மை அசையவில்லை. நான் படித்தவனாயிற்றே, வோல்டேஜ் என்றேன், ரூம் வெளிச்சம் என்றேன், கறுப்புச் சட்டை என்றேன். மறுநாள்தான் உறைத்தது. ஈரத்துணியோடு போனேன். மச்சான் குறுக்கே நின்றான்.

"பூஜ போட்ட பொட்ட யாராவது அழிப்பாங்களா மாமா? தானா உதுரட்டும்."

"கண்ண மூடி வச்சா எதிர்ல நிக்கறவன் எப்புடிடா தெரிவான்?"

"சந்தனக்காப்புல சாமிக்கு மட்டும் தெரியுதுல்ல?"

வீட்டில் கல்லில் இழைத்த நல்ல சந்தனம். ஒரு வாரம் ஆகியும் உதிரவில்லை. அதற்குள் ஹாஸ்டல் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: டப்பா மெஷின். அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துத் துடைத்தேன். கையை ஆட்டினேன், பொம்மையும் ஆட்டியது. அதைப் பார்க்கக் கடையில் ஆள்தான் இல்லை. அப்புறமும் யாரும் வரவில்லை.

இப்போது உரக்கடையில்தான் இருக்கிறான். உறவுக்காரர் யாராவது அந்த மெஷின் என்னவாச்சு என்று கேட்டால், மூட்டையில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொல்வான்:

"நல்லாத்தான் ஆரம்பிச்சோம். மாமா பொட்ட அழிச்சாரு. அதோட போச்சு."

என் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.