கறுத்துப்போன கட்டு

தி.நகரில் ஒரு வெள்ளிக் கடையின் பின்கட்டில் சர்தார் இருபத்தெட்டு வருடங்களாக மெருகு போடுகிறார். கறுத்துப்போன குத்துவிளக்குகளைப் பூந்திக்கொட்டை போட்டுக் கொதித்த தண்ணீரில் முக்கி, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். போன ஆடியில் அந்தக் கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து அவருடைய வலது புறங்கை வெந்துவிட்டது. கூட இருந்தவர்கள் குழாயடியில் கையை நீட்டச் சொல்லாமல் பற்பசையை அப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதற்குள் மனிதர் துவண்டுபோனார்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "ரெண்டு வாரம் பார்ப்போம். ஆறலேன்னா தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டணும். அப்புறம் விரல் பழையபடி மடங்கும்னு உறுதி சொல்ல முடியாது."

மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றும் வேலை நர்ஸான எனக்கு வந்தது. வெள்ளி சேர்த்த கட்டுத்துணி அது. கிருமியை அண்டவிடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால் தினமும் பிரிக்கிற வேதனை மிச்சம்.

வெள்ளைத் துணியைப் புண்ணின்மேல் விரித்தபோது சர்தார் உற்றுப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர், இதப் போயி வெள்ளின்றீங்க. எத்தினி கிராம் கீது?"

"உங்க கடை தராசுக்குப் பிடிபடாது. கையை ஆட்டாதீங்க."

மூன்றாம் நாள் காலை அவர் மனைவி அஸ்மத்துன்னிசா போன் செய்தாள். "நேத்துலேர்ந்து சோறு எறங்கல சிஸ்டர். கட்டைத் தொட வுட மாட்டேன்றாரு. கேட்டா சுவரைப் பாத்துக்கினு படுத்துக்கிறாரு."

நான் போனேன். கேட்கக் கேட்க வாய் திறந்தார். கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே துணி கன்னங்கறேலென்று இருந்ததாம்.

"வெள்ளி கறுத்துப்பூட்ச்சு சிஸ்டர். அடியில கை அழுவிக்கினு கீது. எனக்குத் தெரியாதா வெள்ளியப் பத்தி?"

தப்பு என்னுடையது. புண்ணின் ஈரம் பட்டால் இந்தத் துணி கறுக்கும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிப் பாத்திரத்தோடே வாழ்கிறவர் வேறு எப்படி நினைப்பார்?

காய்ச்சல் இல்லை, நாற்றமும் இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் துணியை நன்றாக நனைத்து, மெதுவாக உரித்தேன். அஸ்மத்துன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்பெல்லாம் துணியோடு வந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு புதுத்தோல் ஓரத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. சீழ் ஒரு துளி இல்லை.

"கண்ணத் தொறந்து பாரும்மா. இது அழுகின கையா?"

அவள் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "ரெண்டு வேளை சோறு வேஸ்ட்டு பண்ணிட்டியே, யா அல்லா!"

சர்தாருக்குச் சிரிப்பு வந்தது. விரல் முட்டிப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மிச்சமிருந்தது. இடது கைக் கட்டைவிரல் தானாக அதைத் தேய்க்கப் போனது. ஒரு தட்டுத் தட்டினேன்.

"அது மெல்லப் போகும். இங்கே மெருகு போட வேண்டாம். விரலை மடக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். நான்கு விரலும் பாதி வரை வந்தன. அது போதும்.

பதினாலாம் நாள் டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தார். "ஒட்டு வேண்டாம். தினம் பயிற்சி செய்யுங்க. ரெண்டு மாசம் வெந்நீர், வெயில் பக்கம் போகாதீங்க."

"அப்பால வேலைக்குப் போலாமா சார்?"

"தாராளமா."

சர்தார் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.