நைனா பிணமாகப் படுத்த மத்தியானம்

கிறிஸ்தவ சபைத் தலைமைத்துவத்தில் இளங்கலைப் பட்டம் வாங்கியிருக்கிறேன். மூன்று வருடப் படிப்பு. பகலில் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடுவேன். வாரத்தில் மூன்று மாலைகளும் சனிக்கிழமை முழு நாளும் ராயபுரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் வகுப்பு. எர்ணாவூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். சேரும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. பேசுகிறவள் யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் பதினொரு பேர். பத்து ஆண்கள், நான் ஒருத்தி. பாடங்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சபை வரலாறு, நிர்வாகம், பிரசங்கம் தயாரிப்பது, சண்டை வந்த சபையில் இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவது, எல்லாம் ஒழுங்காகவே நடத்தினார்கள். புகார் சனிக்கிழமை செய்முறை வகுப்பைப் பற்றித்தான். அங்கே ஆராதனைகளை நடத்திப் பழக வேண்டும். ஞானஸ்நானத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. அதற்கு ஒரு கண் மூடாது. அடக்க ஆராதனைக்கு பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டு, ஒருவனைப் படுக்க வைத்து வெள்ளை வேட்டியால் மூடுவார்கள். மண்ணுக்குப் பதில் சாக்பீஸ் தூள்.

ஒவ்வொருவராக முறை வைத்துப் போதகராக நிற்பார்கள். என் முறை மட்டும் வராது. பொம்மைக்கு அம்மா நான். கல்யாணம் என்றால் மணப்பெண். அடக்கம் என்றால் விதவை.

"சிஸ்டர், பெஞ்சு பக்கத்துல உக்காந்து கொஞ்சம் அழுங்க. அப்பதான் தம்பிங்களுக்கு நெஜமா இருக்கும்" என்பார் ஆசிரியர்.

நான்கு முறை அழுதேன். ஒரு நாள் பெஞ்சில் கிடந்த பிணம் வேட்டிக்குள்ளிருந்தே, "சிஸ்டர், எனக்கு இவ்ளோ அழ எங்க வீட்ல கூட ஆள் இல்ல" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன். என் முறை எப்போது என்று ஆசிரியரிடம் கேட்டேன். கடைசிப் பரீட்சையில் எல்லோருக்கும் சீட்டுக் குலுக்கி ஏதாவது ஓர் ஆராதனை வரும், அதுவரை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

இதை வீட்டில் வந்து அப்பாவிடம் திட்டித் தீர்த்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கீழே சரக்கறையில் இருக்கும் ஆட்களுக்கு, கிரேன் எதை எப்போது இறக்குகிறது என்று கத்திச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் குரல் இறங்கவில்லை. உப்பு கேட்டால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

ஒரு ஞாயிறு, கோவிலில் ஆராதனை முடிந்து வந்த மத்தியானம், அவர் கட்டிலில் நீட்டிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நா செத்துட்டேன். ஆரம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மூக்குல பஞ்சு வெக்கல. பரவால்ல, சொல்லு" என்றார். நான் புத்தகத்தை எடுத்துக் கட்டில் காலடியில் நின்று ஆரம்பித்தேன். அம்மா மீன் செதில் ஒட்டிய கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"உசுரோட கீற மன்சன படுக்க வச்சிகினு இன்னாடி வேல இது? வூடு வெளங்குமா?"

"நீயும் வா, பக்கத்துல குந்தி அழு" என்றார் நைனா. "உனுக்கும் பிராக்டிசு வோணும்ல."

அம்மா அவர் காலில் ஓர் அடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் முழுவதையும் வாசித்தேன். கடைசியில் மண்ணை மூன்று தரம் போட்டுக்கொண்டே சொல்கிற பகுதி வரும். அதில் சாம்பல் என்ற சொல் வந்ததும், "அத்த தான் தெனம் கொடியில துணிலேந்து ஒதறிகினு கீறோமே" என்றது பிணம். எங்கள் மொட்டை மாடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் இறங்காத நாள் குறைவு.

முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார். வார்த்தை எல்லாம் சரி, ஆனால் சத்தம் போதாது என்றார். மேலே நிற்கிறவன் சொல்வது கீழே கடைசி ஆளுக்குக் கேட்கவில்லை என்றால் அவன் தலையில் சரக்கு விழும். அவர் வேலையில் இருந்தவரை ஒருவன் தலையிலும் விழுந்ததில்லை. அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் சொன்னார்:

"நெசமா போறப்ப நீ தான் இத்த சொல்லணும். நம்ம ஐயரு வாய்க்குள்ளயே பேசிகினு இருப்பாரு. எவனுக்கும் கேக்காது."

சரி நைனா என்றேன். யோசிக்காமல் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து, பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். எங்கள் சபைப் போதகர் வந்தார். நைனா ஐயரு என்று சொன்னவர் இவர்தான். எனக்கு இன்னொரு விதத்திலும் அவர் முக்கியம். படிப்பில் ஒரு பகுதி சபையில் ஊழியப் பயிற்சி. ஞாயிறு பள்ளி, வீடு சந்திப்பு எல்லாம் அவர் கண்காணிப்பில் செய்தேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத முடியும்.

ஜெபம் முடிந்து அவர் கிளம்பும்போது மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். கல்லறையில் மண் போடும் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன், அப்பா கேட்டுக்கொண்டது என்றேன்.

"இன்னைக்கு நீ மகம்மா. ஊழியக்காரி இல்ல. அழுற நேரத்துல அழு" என்றார்.

போன வருடம் எங்கள் சபையில் பயிற்சியில் இருந்த பையனுக்கு, தன் சித்தப்பாவை அடக்கம் பண்ண அனுமதி கொடுத்தீர்களே என்று கேட்டேன்.

"அது வேற" என்றார். என்ன வேறு என்று சொல்லவில்லை. இரண்டு படி இறங்கி நின்று, திரும்பினார். "அடுத்த மாசம் உன் ரிப்போர்ட்டு என் மேசைக்கு வருது. நல்லபடியா முடிச்சிட்டுப் போம்மா."

குரலில் கோபமே இல்லை. மிரட்டினார் என்று யாரிடமும் புகார் பண்ண முடியாது. அவ்வளவு சுத்தமாகச் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சாலை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. போதகர் புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே வாசித்தார். நைனாவோடு வேலை செய்த கிழவர்கள் நாலைந்து பேர் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், "இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். "தெர்லபா" என்றார் இன்னொருவர்.

அது என் காதில் விழுந்தது. குழிக்கும் எனக்கும் இரண்டடி. எல்லா வார்த்தையும் மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும். யாரும் என்னை இழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் திறக்கவில்லை. மேசைக்கு வரப்போகும் ரிப்போர்ட்டை நினைத்தேன். மூன்று வருட பஸ்ஸை நினைத்தேன். அதற்குள் அவர் மண்ணைப் போட்டு முடித்துவிட்டார். நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். நான்கு முறை பயிற்சி எடுத்தவள் அல்லவா.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. பணிவும் கீழ்ப்படிதலும் உள்ளவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பொய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

கடைசிப் பரீட்சையில் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு அடக்க ஆராதனை வந்தது. அதே பெஞ்சு, அதே வேட்டி. வெளியிலிருந்து வந்த இரண்டு பேர் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய இடத்தில் நின்றேன். எனக்குக் குரல் எழும்பவில்லை. அழுகையும் இல்லை. மெதுவாக, யாருக்கும் தொந்தரவில்லாமல், வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். சாக்பீஸ் தூளைப் போட்டேன். அவர்கள் மிகவும் சந்தோஷப்பட்டார்கள். இந்த ஆராதனைக்கு இப்படித்தான் அமைதியும் மரியாதையும் வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார் ஒருவர். வகுப்பில் எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பரீட்சை, மாடிப்படியில் போதகர் சொன்னது, ரிப்போர்ட்டுக்காக நான் வாயை மூடிக்கொண்டது. அம்மா சங்கரா மீனை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அவரு சொல்லசொல்லோ நா மேல் படில தான் நின்னுகினு இருந்தேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி? நீயே பேஜாராயி கீற." மீன் தட்டை நகர்த்தி வைத்தாள். "எனுக்கு நீ தான் சொல்லணும். எந்த ஐயரு வந்து நின்னாலும் நீ தான். அப்பயும் வாய மூடிகினு நின்னன்னு வையி, பொட்டிலேந்து எழுந்து வந்து அறைவேன்."

கையைக் கழுவினாள். சேலையில் துடைத்துக்கொண்டே போய் நைனாவின் கட்டிலில் படுத்தாள். போர்வை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். வீடு விளங்குமா என்று கேட்டவள் அவள்தான்.

நான் காலடியில் போய் நின்றேன். புத்தகம் தேவைப்படவில்லை. முதல் வரியைச் சொன்னேன்.

"கேக்கல" என்றாள் அம்மா.

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை நைனா கப்பல் மேல் நின்று கத்தியது போலவே சொன்னேன், கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரி. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழ் வீட்டிலிருந்து இரண்டு பேர் படியேறி வந்து, யாருக்கு என்ன ஆனது என்று எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அம்மாவும் கண்ணைத் திறக்கவில்லை.