மலர்க்கொடியின் கூடை

1. விட்டு வந்த வேலை

அனுமந்தையைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். பின்னால் விட்டு வந்தது பொம்மையார்பாளையத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. புதிதாக வந்த மேனேஜர் எல்லோருக்கும் யூனிஃபார்ம் கொடுத்தார். என் அளவுக்குச் சட்டை இல்லை. சட்டை வரும்வரை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் மொத்தமாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலைக்குக் கிளம்பும் வயதில் இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரி கிளீனர், இறால் பண்ணையில் மோட்டார் காவல், எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பர், கிளியனூர் பக்கம் ஒரு சீசன் கரும்பு வெட்டு என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கும் ஒரு வருஷம் முழுதாகத் தங்கியதில்லை. அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் வயிறு கொஞ்சம் காயும், அவ்வளவுதான்.

ஆனி மாத வெயில். மரக்காணத்துக்கு முன்னால் ரோட்டோரமாக உப்பளம் தொடங்கியதும் கண் கூசியது. தண்ணீர்ப் பாட்டில் காலி. பாத்திகளை ஒட்டி, பழைய உப்பு குடோன் ஒன்றின் கதவு திறந்திருந்தது. மேலே மகளிர் சங்கம் என்று போர்டு. அதன் கீழே சின்ன எழுத்தில் பெண் கல்வி, சம உரிமை. தண்ணீர் கேட்கலாம் என்று போனேன்.

வாசலில் நின்ற அம்மா என் பையைப் பார்த்துவிட்டு, "ஃபேன் பாக்க வந்தவரா? எத்தினி வாட்டி ஃபோன் பண்றது?" என்றார்.

நான் அவன் இல்லை, ஆனால் பார்க்கத் தெரியும் என்றேன். "எவனா இருந்தா என்ன, சுத்தினா சரி," என்று ஏணியைக் காட்டினார். அவர்தான் தனம். சங்கத்தின் தலைவி.

2. ஏணிக்குக் கீழே

கண்டன்சர் போயிருந்தது. என் பையில் பழசு ஒன்று கிடந்தது. அதைப் பொருத்திக்கொண்டிருந்தபோது கீழே வகுப்பு நடந்தது.

ஒரு பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் உப்பளத்தில் கூடை சுமப்பவர்கள். புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. பாதமெல்லாம் வெடிப்பு. விடியும்போதே பாத்தியில் இறங்கி வெயில் உச்சிக்கு ஏறியதும் கரையேறுவார்கள். அதனால் இந்த வகுப்பு மட்டுமல்ல, சங்கத்தின் கூட்டம், மனு கொடுக்கப் போவது, எல்லாமே உப்பு வேலைக்குப் பிறகுதான்.

தனமும் கூடை சுமந்தவர்தான். கர்ப்பப்பை இறங்கி ஆபரேஷன் ஆனது. இனி தலையில் பாரம் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சங்கமே அவருக்கு வேலை. எந்த வீட்டிலாவது பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினால் இவர்கள் கும்பலாகப் போய் அந்த வாசலில் உட்கார்ந்துவிடுவார்களாம். திட்டினால் கேட்டுக்கொள்வார்கள். டீ கொடுத்தால் குடிப்பார்கள். பெண் மறுபடி பையைத் தூக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வாசலில் ஒரு தகப்பன், "நீங்கல்லாம் எத்தினியாவது படிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறான். அடுத்த வாரமே குடோனில் தாங்களே படிக்கப் பாய் விரித்துவிட்டார்கள்.

அந்தக் கும்பலில் மலர்க்கொடி ஒருத்தி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்பதாவதோடு நின்றவள். அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்கு எழுதிப்போட வேண்டும், அதற்குப் பத்தாவது கேட்கிறார்கள். மார்ச்சில் தனித்தேர்வராக எழுதினாள். கணக்கு மட்டும் போய்விட்டது. அதைத் திரும்ப எழுதும் பரீட்சை மறுநாள் காலை பத்து மணிக்கு, திண்டிவனத்தில்.

நான் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது வாசலுக்கு ஓர் ஆள் வந்தார். உள்ளே வரவில்லை. கையில் உப்பு வாரும் பலகை. மலர்க்கொடியின் புருஷன் ஏழுமலை.

"மேஸ்திரி சொல்லி அனுப்பிட்டாரு. மேக்கால கருக்குது. நாளைக்கு எல்லாப் பாத்தியும் எடுத்தாவணுமாம். நாளைக்கு வராதவங்க அப்பறம் வரவே வேணாம்னாரு," என்றார்.

வகுப்பு நின்றுவிட்டது. மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். அதற்கு முன்னால் சுமந்து கரையில் அம்பாரமாகக் குவித்து மூட வேண்டும். மேஸ்திரி வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

பிறகு பேசப் பேசத்தான் தவறு எங்கே என்று அவர்களுக்கே விளங்கியது. பணம் கட்டினார்கள், புத்தகம் வாங்கினார்கள், கணக்குச் சொல்லித்தர காலேஜ் பெண்ணைப் பிடித்தார்கள், பஸ் நேரம் கேட்டு வைத்தார்கள். உப்பளத்தில் லீவு மட்டும் யாரும் கேட்கவில்லை. சங்கத்து வேலை எதுவும் அதுவரை பாத்தி நேரத்தில் வந்ததில்லை. மார்ச் பரீட்சையின்போது மழைக்காலம் நீண்டுபோனதால் பாத்தி காயவில்லை, வேலையும் தொடங்கவில்லை. அதனால் அப்போதும் இது தெரியவில்லை. பத்து மணி என்று எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பத்து மணிக்குத் தாங்கள் எங்கே இருப்போம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஒரு வழி இருந்தது. அந்த உப்பளத்துப் பழக்கம் அது. காலையில் மேஸ்திரி வரப்பில் நின்று கூடைக்காரிகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். உடம்பு முடியாதவளுக்குப் பதிலாக நாத்தனாரோ மாமியாரோ வந்து "இருக்கேன்" என்று சொல்லிச் சுமந்தால் போதும், இடம் போகாது. பேருக்கு நிற்பது என்பார்கள். ஆனால் மழைக்குப் பயந்து எல்லா அளத்திலும் மறுநாள் ஆள் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். தனம், "நானே வர்றேன்டி," என்றார். மலர்க்கொடி உடனே, "தையல் பிரிஞ்சா நான் பாஸாயி என்னாக்கா பண்றது?" என்றாள்.

அப்புறம் அவள் புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த தடவை எழுதிக்கொள்கிறேன் என்றாள். அடுத்த தடவை என்றால் அடுத்த மார்ச். அங்கன்வாடிக்கு அதற்குள் வேறு யாரையாவது எடுத்துவிடுவார்கள்.

மூலையில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏணி மேல ஒண்ணு சும்மாதான நிக்குது, அத்த அனுப்புங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "கொண்டையில பூ வெச்சு அனுப்பணும்டி" என்றாள் இன்னொருத்தி. ஆண்கள் உப்பு வாருவார்கள், பெண்கள் சுமப்பார்கள். அந்தக் கரையில் கூடை சுமந்த ஆண் இல்லை. அதனால் அது அவர்களுக்கு வெறும் கேலி. மலர்க்கொடி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நாளைக்கு எனக்கும் வேலை இல்லை, தூக்குகிறேன் என்றேன். சுவிட்சைப் போடச் சொன்னேன். ஃபேன் சுற்றியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

3. மேஸ்திரியின் மரியாதை

சாயங்காலம் தனம், ஏழுமலை, நான் மூன்று பேரும் மேஸ்திரியைப் பார்க்கப் போனோம். முதலில் சிரித்தார். பிறகு என் தோளையும் கழுத்தையும் பார்த்தார். மேற்கே பார்த்தார். ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. சரி என்றார்.

பிறகு என்னிடம், "கூடை தூக்கினாலும் ஆம்பள கூலியே போட்டுடறேன்பா. பொம்பள கூலிய உன் கைல வெக்க எனக்கே ஒரு மாதிரி இருக்குது," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கும் நல்லதாகவே பட்டது.

வெளியே வந்ததும் தனம் வரப்பிலேயே நின்றுவிட்டார். சம கூலி கேட்டுச் சங்கம் பல வருஷமாக நடக்கிறது. வாருவது கஷ்டமான வேலை, சுமப்பது லேசான வேலை, அதனால்தான் கூலி குறைவு என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியவர் இதே மேஸ்திரி. இப்போது அதே கூடைக்கு ஆண் கூலி தருகிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். "இத்த கேக்கறதுக்கு எத்தினி நாளு நின்னிருக்கேன் தெரியுமா?" என்றார் தனம். வாங்கிக்கொள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆம்பள கூலின்னா புது ஆளுன்னு சேத்துடுவாருக்கா. அப்பறம் இவ பேரு இல்ல. இடம் போச்சு."

அதுதான் சிக்கல். நான் ஆணாகச் சுமந்தால் சங்கத்துக்கு நியாயம் கிடைக்கும், மலர்க்கொடிக்கு இடம் போய்விடும். அங்கன்வாடி வேலை கிடைப்பது பாஸானால்தான். பாஸாவாள் என்று யார் சொன்னது? அவள் பெயருக்கு நின்றால் இடம் இருக்கும், ஆனால் குறைந்த கூலிதான் சரி என்று நானும் சேர்ந்து ஒத்துக்கொண்டதாகிவிடும்.

என்ன செய்யட்டும் என்று தனத்தைக் கேட்டேன். "அத்த நான் சொல்லக்கூடாதுப்பா. சங்கத்துக்கு வேணும்னு சொன்னா அவ சோத்துல கை வெச்ச மாதிரி. அவளுக்கு வேணும்னு சொன்னா மத்தவங்க கேப்பாங்க. உன் தலை, உன் கூலி. நீ யோசி," என்றார்.

குடோன் வாசலில் படுத்துக்கொள்ளச் சொல்லி, சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்து அனுப்பினார். சாப்பிட்டேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து நடந்துவிடுவதுதான் என் வழி. அன்றும் எழுந்து நடந்திருக்கலாம். மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்தான்.

4. பெயர் கூப்பிட்டபோது

விடியும் நேரத்தில் வரப்பில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நானும் போய் நின்றேன். ஒருத்தி பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் கொடுத்தாள். மலர்க்கொடி இறங்கவில்லை. தலைவாரி, துவைத்த புடவை கட்டி, தோளில் பையோடு ரோட்டோரத்தில் நின்றாள். பஸ் வரவேண்டும். அதற்கு முன்னால் அவள் பெயர் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சரியாகப் போகவில்லை என்றால் அப்படியே பாத்தியில் இறங்கிவிடுவாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தனம் வரப்பின் கோடியில் நின்றார்.

மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மலர்க்கொடி பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். "ஏம்பா, உன் பேர சொல்லு. தனியா சேத்துக்கறேன்."

"என் பேரு வேணாங்க. மலர்க்கொடின்னே கூப்பிடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "யோவ், அந்தப் பேருக்குப் பொம்பள கூலிதான்யா."

"அந்தப் பேருக்கு என்னாவோ அதையே குடுங்க. அதே கூடைதான தூக்கப்போறேன்."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. அந்தக் கூலியை ஓர் ஆண் கையில் வைப்பதை முந்தின நாளே அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்போது வைத்தே ஆக வேண்டும். அதுவும் இத்தனை பேர் பார்க்க.

கோடியிலிருந்து தனம் பேசினார். சத்தம் போடவில்லை. "சனிக்கிழம கூலி குடுக்கறப்ப சங்கம் மொத்தமும் வந்து நிக்கும் மேஸ்திரி. ஆம்பள கைல வெக்க உங்களுக்குக் கூசுதுன்னீங்களே, அத்த இத்தினி வருஷமா எங்க கைல எப்பிடி வெச்சீங்கன்னு அப்ப சொல்லுங்க. இன்னிக்கி உப்ப எடுப்போம். மழை வருது."

மேஸ்திரி மேற்கே பார்த்தார். வானம் நன்றாகவே கறுத்திருந்தது. ஏழுமலை ஏற்கெனவே பாத்தியில் இறங்கி வாரத் தொடங்கியிருந்தார்.

"மலர்க்கொடி," என்றார் மேஸ்திரி.

"இருக்கேன்," என்றேன்.

ரோட்டில் பஸ் வந்து நின்றது. போகும்போது யாரும் கையசைக்கவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஏறினாள், அவ்வளவுதான்.

நான் பார்த்த வேலைகள் எல்லாவற்றிலும் டேய், ஹெல்பர், புது ஆள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் திரும்பியிருக்கிறேன். கூலி என்ன, சோறு உண்டா, படுக்க இடம் உண்டா என்பதற்கு மேல் எந்த வேலையிலும் எதுவும் கேட்டதில்லை. அன்று காலையிலிருந்து இன்னொன்றும் கேட்கிறேன். இது யார் பார்த்துக்கொண்டிருந்த வேலை, அவர் இப்போது எங்கே, அவர் திரும்பி வந்தால் இடம் இருக்குமா? பல இடங்களில் இந்தக் கேள்விக்காகவே என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உங்களையும் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். ஆனாலும் கேளுங்கள்.

இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கி என் தலையில் ஏற்றினார்கள். ஈர உப்பு. கழுத்து உள்ளே இறங்கியது போல இருந்தது. உப்புத் தண்ணீர் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. வரப்பு வழுக்கியது.

"கீழ பாக்காத மலரு," என்றாள் பின்னால் வந்தவள். "நேரா பாத்து நட."

நடந்தேன்.