திருப்பி அனுப்பப்பட்ட படம்

“திருமணப் பதிவுச் சான்று இல்லாத நேர்வில், ஊழியர் உயிருடன் இருந்தபோது வாழ்க்கைத் துணையுடன் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றை, இருவரின் தலையும் தோளும் தெளிவாகத் தெரியும் நிலையில், சான்றாக ஏற்கலாம்.”

எங்கள் தொழிற்சாலையின் நிர்வாகக் கையேட்டில் இருந்த ஆங்கில வாசகத்தைத் தமிழில் தந்திருக்கிறேன். ஊழியர் கோப்புகளைக் கவனிக்கிற எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் சூப்பரின்டெண்டென்ட். கையேட்டைத் திறக்காமலே பாரா எண்ணோடு ஒப்பிப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டதில் ஒரு பெண்மணி வீட்டை இழக்க இருந்தார். செக்‌ஷனில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

1. கத்தரிக்கோல்

தேவராஜ் மெஷின் ஷாப்பில் டர்னர். கோவில்பதாகைக்காரர். 1988 பொங்கல் கழிந்த சில நாட்களில் மாரடைப்பில் இறந்துபோனார். மனைவி மல்லிகா, இரண்டு பெண் குழந்தைகள். ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. கருணை அடிப்படையில் மல்லிகா வேலை கேட்டு மனு கொடுத்தார். வேலை கிடைத்தால் அதே வீட்டை அவர் பெயருக்கு மாற்றலாம். இல்லாவிட்டால் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. பதிவு செய்யவில்லை. கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். கூட வந்திருந்த மல்லிகாவின் தம்பி குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்க ஏரியாவுல எல்லார் கல்யாணத்துக்கும் மச்சான்தான் சார் கேமரா. அவரு கல்யாணத்துக்கு மட்டும் என் கைல குடுத்தாரு. படம் வந்துகீதான்னு பந்தல்லயே பின்பக்கம் தொறந்து பாத்துட்டேன்.”

“வெளிச்சம் பட்டு பன்னெண்டு படமும் பூட்ச்சி சார்” என்றார் மல்லிகா. “அதுக்கப்பறம் அவுரு கேமராவ யார் கையிலயும் குடுக்க மாட்டாரு. இவன் ஊட்டுக்கு வந்தா பீரோவுல வெச்சி பூட்டிடுவாரு.”

“அக்கா பத்து வருஷமா இதையே சொல்லிக்காட்டினு கீது சார்” என்றான் குமார்.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. கறுப்பு வெள்ளை. இருவரும் நிற்கிறார்கள். தேவராஜ் வயிற்றருகே ஒரு பெட்டிக் கேமராவைப் பிடித்திருக்கிறார். மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பழைய வகை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு போஸ் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படி ஒரு போஸ் என்று நினைத்தேன். கேமராவை யாரிடமும் கொடுக்காத மனிதரை, அதுவும் கேமராவோடு, எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கையேடு அதைக் கேட்கச் சொல்லவில்லை.

“தலையும் தோளும் மட்டும்தாம்மா இருக்கணும்” என்று சொல்லி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஆபீஸ் கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். கீழ்த்துண்டைக் குப்பைக்கூடையில் போடப் போனேன்.

“சார், சார், அத்த குடுங்க.” மல்லிகா கை நீட்டி வாங்கிக்கொண்டார். “அவுரு கை கீது சார் அதுல.”

2. சேட்டு வீட்டு முந்தானை

ஜூன் நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படத்தில் ஆணுக்குத் தழும்பு வலப்புருவத்தின் மேல் உள்ளது. பணிப் பதிவேட்டின்படி அது இடப்புருவத்தில் இருக்க வேண்டும். பெண்ணுக்கு மச்சம் இடக்கன்னத்தில் உள்ளது. மனுதாரரின் மச்சம் வலக்கன்னத்தில். ஆகவே இவர்கள் வேறு நபர்கள் எனக் கருதப்படுகிறது. படம் திருப்பி அனுப்பப்படுகிறது.

எங்கள் ஆபீசர் படத்தை வாங்கிப் பார்த்தார். “முந்தானையப் பாருய்யா. வலத் தோள்ல போட்டிருக்கு. சேட்டு வீட்டம்மா கட்டுற மாதிரி. கோவில்பதாகைல ஏதுய்யா சேட்டு?”

அனுப்புவதற்கு முன் நான் அந்தப் படத்தை அளந்திருந்தேன். பார்க்கவில்லை.

மல்லிகாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “நல்லா பாருங்க சார், இது நான் இல்லியா?” என்றார்.

பார்த்தேன். அவர்தான். மச்சம் மட்டும் அந்தப் பக்கம்.

“இத எடுத்தது யாரும்மா?” நாலு மாதம் தாமதமாகக் கேட்டேன்.

“அவுருதான்.”

“அவரே படத்துல இருக்காரே?”

“பீரோ கண்ணாடி சார். கண்ணாடி முன்னால என்ன நிக்க வெச்சி, பக்கத்துல வந்து நின்னுகினு எடுத்தாரு. உன் தம்பி மாதிரி கண்ணாடி ஒண்ணியும் தொறந்து பாக்காதுன்னாரு.”

குமார் கூரையைப் பார்த்தான்.

மல்லிகா பர்ஸைத் திறந்து, நான் வெட்டிய கீழ்த்துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கேமராவின் முகப்பில் இருந்த கம்பெனிப் பெயரில் எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாக, முதுகைக் காட்டி நின்றன. இது கண்ணாடிக்குள் எடுத்த படம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த அத்தாட்சியைத்தான் விதியின் பெயரால் வெட்டி எடுத்திருந்தேன்.

“சார், இந்தத் துண்ட அனுப்பணும்னா சொல்லுங்க” என்றார். சொல்லும்போதே அவர் விரல் அதன் ஓரத்தை விடவில்லை.

“வேணாம்மா. நெகட்டிவ் இருக்கா?”

பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

3. தெரிந்தே செய்த தப்பு

மார்க்கெட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த அந்தோணியிடம் மூவரும் போனோம். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் என்ன வேண்டும் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

“நெகட்டிவ்ல பளபளன்னு ஒரு பக்கம், மங்கலா ஒரு பக்கம் இருக்கும் சார். மங்கல்தான் மருந்து பூசுன பக்கம், எமல்ஷன். அத்த மாத்திப் போட்டா வலது இடதாப்பூடும். ஒரு தபா அப்பிடி போட்டு, மாப்ள சட்டப் பாக்கெட்டு வலப்பக்கம் வந்துட்ச்சி. கல்யாண ஊடே அடிக்க வந்துச்சி. எந்தத் தப்பு பண்ணக் கூடாதுன்னு இருவது வருஷமா ஜாக்கிரதையா கீறேனோ, அத்தயே பண்ணச் சொல்றீங்க.”

“பண்ணுங்க. முழுப் படமா வேணும். நேரா ஒண்ணு, மாத்தி ஒண்ணு.”

அரை மணி நேரம் கழித்து ஈரம் சொட்டும் இரண்டு படங்களோடு அந்தோணி வெளியே வந்து கிளிப்பில் மாட்டினார். மாற்றிப் போட்டதில் தழும்பு இடப்புருவத்தில் இருந்தது. மச்சம் வலக்கன்னத்தில். முந்தானை இடத் தோளில். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கிளம்பலாம் என்று சொல்லத் திரும்பினேன்.

மல்லிகா அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இப்பத்தான் சார் அவுரு மாதிரி கீறாரு” என்றார். “அந்தப் படத்துல எப்பவும் என்னுமோ ஒண்ணு கொறையும். செத்ததுக்கப்பறம் அத்த பாத்துக்கினே இருந்தேனா, அவுரு மூஞ்சி மறந்துபூட்ச்சோன்னு பயமா இருந்திச்சி. இதோ, வாய இப்பிடித்தான் கோணிக்கினு சிரிப்பாரு. இந்தப் பக்கமா.”

பிறகு கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆனா நான் யாரோ மாதிரி கீறேன்.”

யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மா தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறார். கணவன் முகத்தை நேராகப் பார்த்திருக்கிறார். ஒரு படத்தில் அவருக்குத் தெரிந்த அவர் இருக்கிறார். இன்னொன்றில் அவருக்குத் தெரிந்த தேவராஜ் இருக்கிறார்.

“ஆபீசுக்கு ரெண்டும் அனுப்பறோம். உங்களுக்கு எதும்மா வேணும்?”

“எப்பிடி சார் ஒண்ண மட்டும் கேப்பேன்?”

அந்தோணி நெகட்டிவோடு மறுபடி இருட்டறைக்குள் போனார்.

4. ‘மட்டும்’

மூன்று பக்கத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதி, இரண்டு முழுப் படங்களையும் இணைத்து ஆபீசர் முன் வைத்தேன்.

“என்னய்யா முழுசா வெச்சிருக்க? தலையும் தோளும் மட்டும்தானே விதி?” என்றார். அது அவர் என்னிடம் கற்றுக்கொண்டது.

பதில் சொல்வதற்காகக் கையேட்டைத் திறந்தேன். அந்தப் பாராவைக் கண்ணால் படித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தலையும் தோளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் இருந்தது. ‘மட்டும்’ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ஐ.டி. கார்டு விதியிலிருந்து என் வாய் அதை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. நானும் அதை நம்பிக் கத்தரிக்கோல் எடுத்திருக்கிறேன். இன்னும் எத்தனை படங்களை அப்படி வெட்டினேனோ தெரியாது.

“விதியில அது இல்ல சார். நான்தான் சேர்த்தேன்” என்றேன்.

அவர் குறிப்பை என் பக்கம் திருப்பித் தள்ளினார். “இதையும் குறிப்புல எழுதுய்யா” என்றார். எழுதினேன். மூன்று பக்கம் நாலு பக்கம் ஆயிற்று. என் பணிக்காலத்தில் என் தவறு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரே கடிதம் அது.

ஜூலை நான்காம் தேதி தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போனது. இரண்டு நினைவூட்டல், ஒரு தந்தி. டிரங்க் காலில் பேசியபோது அங்கிருந்தவர் “கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது” என்றார். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறுமுனையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இருபத்தேழாம் தேதி குமார் வந்து, அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டதாகச் சொன்னான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. விதி மனப்பாடம் ஆகிவிட்டது என்று தோன்றுகிற அன்று, அதை எடுத்து இன்னொரு முறை வாசியுங்கள். வெட்டுவதற்கு முன் எதிரில் நிற்பவரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரி: ஆட்சேபம் விலக்கிக்கொள்ளப்படுகிறது, மனுதாரரை நியமிக்கலாம். பியூன் மூலம் நகல் அனுப்புவதுதான் நடைமுறை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு நேரே போனேன். சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து மல்லிகா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றைக்குத் தேதி ஜூலை இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை.