மாமாவின் சந்தேகங்கள்

அக்கா காபி டம்ளரை நீட்டுகிறாள். மாமா வாங்கவில்லை. "மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்கிறார். விளையாட்டு என்று நினைத்து அக்கா சிரிக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. விபத்துக்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலைதான்.

மாமா என் அக்காவின் கணவர். குமராட்சிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே மினி பஸ் ஓட்டியவர். நடவுக்குப் போகும் பெண்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார்கள். டிக்கெட் எடுத்தேன் என்று சாதிப்பவனிடம் கண்டக்டர் சண்டைக்குப் போனால், "எடுத்துதான் இருப்பான், வுடுப்பா" என்பார். அப்படிப்பட்டவர் ஒரு மாலை கடலூரிலிருந்து பைக்கில் திரும்பும்போது, பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. கால் முறிந்தது, தலையிலும் அடி. கடலூர் ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். ஸ்கேன் பார்த்து, தலையில் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பிழைத்து எழுந்துவிட்டார் என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

கால் எலும்பு கூடக் கூட, சந்தேகம் வளர்ந்தது. அக்கா போனில் பேசினால் எதிரில் யார் என்று தெரிந்தாக வேண்டும். நலம் விசாரிக்க வந்த கண்டக்டர், அவர் கணக்கில் வேலையைப் பிடுங்க வந்தவன். தன்னை இடித்தது தெரிந்த ஆள்தான் என்று முடிவுகட்டி, தெருவில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் முன்பக்கத்தையும் கம்பை ஊன்றிக் குனிந்து பார்ப்பார், எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றாள் அம்மா. குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றது தெரு. நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினோம். அவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினோம்.

அந்த நேரத்தில்தான் கடலூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. சாலை விபத்தில் அடிபட்டவர்கள் வீடு திரும்பிய பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள். நான் சிதம்பரம் கீழ வீதியில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றியவர்களின் கதைகளைத் தினமும் கேட்பவள். அவள் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தேன். எங்களுக்குத் தெரிந்த நர்ஸ், "நம்ம ஆளுதாம்மா" என்றார். அப்படியும் மனம் ஆறவில்லை. இடித்தவன் அனுப்பிய ஆளாக இருந்தால்? விபத்துக்குப் பிறகு மாமாவும் நானும் ஒன்றுபோல நினைத்தது அன்றைக்குத்தான்.

நடக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று மாமாவிடம் கேட்டாள். பிறகு சமையலறைக்கு வந்து அக்காவிடம் மெதுவாக, "விபத்துக்கு முன்னாடி இருந்த மாதிரியே இருக்காராக்கா?" என்றாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நிமிர்ந்தால் வாசற்படியில் மாமா.

"ஊட்டுக்காரன அந்தாண்ட உக்கார வெச்சிட்டு உள்ள என்னா ரகசியம்? யாரு அனுப்புனா உன்ன?" என்று கத்தியவர், அவள் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். இனி வரமாட்டாள் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். "அண்ணே, உங்கள உட்டுட்டு உங்களப் பத்திக் கேட்டது என் தப்பு. இனிமே எதுவா இருந்தாலும் உங்க முன்னாடிதான் கேப்பேன். வேணாம்னா இப்பவே கெளம்பிடுறேன்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கேளு."

"இந்த வீட்ல உங்களுக்கு எதுண்ணே கஷ்டமா இருக்கு?"

"எல்லாரும் மெதுவா பேசுறாங்க. நான் வந்தா நிறுத்திடுறாங்க. இல்லன்னு சொல்லச் சொல்லு பாப்பம்."

அவருடைய நூறு சந்தேகங்களில் அது ஒன்று உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை எல்லாம் நின்றன.

தலையில் அடிபட்ட சிலருக்கு, ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாவிட்டாலும், இப்படிக் கோபமும் சந்தேகமும் வரலாம் என்று மாமா எதிரிலேயே சொன்னாள் அவள். அவள் போன மற்ற வீடுகளிலும் பெண்கள் சமையலறையில் நின்று இதைச் சொல்லித்தான் அழுதார்களாம். யாரும் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் யாரும் கேட்டதில்லை. அவளே மாமாவைக் கடலூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். ரகசியம் பேசாதீர்கள், அவர் கேட்டால் வாதாடாமல் உள்ளதைச் சொல்லுங்கள் என்று எங்களுக்கும் சொன்னாள். "இதெல்லாம் எழுதி என்னா ஆவப் போவுது?" என்று நான் விடாமல் கேட்டேன். "தெரியலக்கா. ஒரு ஆஸ்பத்திரியில ஒரு விஷயம் மாறுனாக்கூடப் போதும்" என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

போன மாதம் எங்கள் கடையில் வேலை செய்பவரின் தம்பி விபத்தில் அடிபட்டு, அதே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில் நானும் உடன் போயிருந்தேன். நர்ஸ் ஒருவர் அந்தத் தம்பியையும் அவன் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து, "காயம் ஆறிடும். ஆனா கோவம், சந்தேகம் ஜாஸ்தியா வந்தா அது அவரு கொணம்னு நெனச்சி மூடி வெக்காதீங்க. கூட்டிட்டு வாங்க" என்றார். இதைச் சொல்லும் வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டேன். ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்லிக்கொடுத்தது என்றார். சமையலறையில் அழுத என் அக்கா நினைவுக்கு வந்தாள்.

மாமாவின் சந்தேகம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது கேட்கிறார்: "இது நெசமா, இல்ல என் தலை சொல்லுதா?" பெரும்பாலும் அக்கா, "தலைதாங்க" என்பாள். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

போன வாரம் ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்தினார். "நான் இனிமே பஸ் ஓட்ட முடியாதுன்னு டாக்டரு உங்கிட்ட சொல்லிட்டாரு. நீ மறைக்கிற. நெசமா, தலையா?"

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தாள். "நெசந்தாங்க" என்றாள்.

மாமா மெல்ல மூச்சு விட்டார்.

"அப்பாடா. அப்ப என் தலை இல்ல."