சால்வையோடு போன புகார்

எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் சாக்கடை நாற்றம் அடிக்கத் தொடங்கியபோது என் மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டியவள். "இந்தத் தண்ணிய வெச்சுக்கினு புள்ளத்தாச்சிய எப்படிக் கூட்டியாறது?" என்று மனைவி தினமும் கேட்டாள். மர்பி டவுனில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருவேன். அது எங்கள் இருவருக்கே போதாது.

அதே வாரம்தான் எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சம்பளத்தையும் படிகளையும் தாங்களே உயர்த்திக்கொண்ட செய்தி டி.வி.யில் வந்தது. தினமும் சண்டை போடுகிறவர்கள் அன்று மட்டும் சண்டை போடவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கொதித்தார்.

"நம்ம மீட்டர ஏத்தணும்னா மனு மேல மனு குடுக்கணும். அவங்க மீட்டர அவங்களே ஏத்திக்கினாங்க பாருங்கண்ணே! நேராப் போய்க் கேட்டுடுவோம். சம்பளத்த நான் கேக்கறேன். தண்ணிய நீங்க கேளுங்க."

எனக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் மனுவையும் நானே எழுதினேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது ஆட்டோக்காரரின் மனைவி, "பெரிய மனுசரப் பாக்க வெறுங்கையோடவா போவீங்க?" என்றாள். எங்களுக்கு ஊறிப்போன பழக்கம் அது. திட்டப் போனாலும் மாலையோடுதான் போவோம். நான் அட்டெண்டராக இருக்கும் பள்ளியில், ஆண்டுவிழாவின்போது எனக்குப் போர்த்திய சால்வையும் வைத்த மைசூர்த் தலைப்பாகையும் பீரோவில் இருந்தன. நானேதான் எடுத்துக்கொண்டேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

எம்.எல்.ஏ. ஆபீசில் மதியம்வரை நின்றோம். அவர் வெளியே வந்ததும் உதவியாளர் எங்கள் கைகளைத்தான் பார்த்தார். "மாலையா? பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க சொல்லி வரிசையாக நிறுத்தினார். ஆட்டோக்காரர் மாலை போட்டார். நான் சால்வையைப் போர்த்தித் தலைப்பாகையை வைத்தேன். அவருக்குப் பெரிய தலை, அது உட்காரவில்லை. இரண்டு கையாலும் அழுத்திச் சரிசெய்துவிட்டுக் கையைக் கூப்பினேன். "சார், நீரு..." என்று தண்ணீரைப் பற்றிக் கன்னடத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். போட்டோ எடுத்தார்கள். அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மனுவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும், "சம்பளத்தக் கேக்கறேன்னியே?" என்றேன்.

"நீங்க மொதல்ல தண்ணியக் கேட்டீங்களாண்ணே?"

ஆட்டோவைக் கிளப்பினார்.

நாலாம் நாள் சந்து முனையில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். தெருவாசிகளின் மனமார்ந்த நன்றி என்று கன்னடத்தில் இருந்ததை நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். எதற்கு நன்றி என்று போடவில்லை. படத்தில் கைகூப்பி, வாயைத் திறந்தபடி நான். சிரிப்பதுபோலத்தான் தெரிந்தது. அதன் கீழே பெண்கள் டேங்கருக்காகக் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

படம் வாட்ஸப்பில் சுற்றி மகளுக்கும் போயிருக்கிறது. போன் செய்தாள்.

"அப்பா, தண்ணி சரியாயிடுச்சா? நன்றின்னு போட்டிருக்காங்களே."

"இல்லம்மா."

"சரி விடுங்கப்பா. எங்க மாமியார் பிரசவத்துக்கும் இங்கயே இருந்துக்கோன்னு சொல்றாங்க. இங்கதான் போர்வெல் இருக்கே."

மனைவியிடம் சொன்னேன். குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழைய பருத்திப் புடவைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் அவங்க வீட்டுல குடுத்துட்டு வந்துடுங்க," என்றாள்.