ராக்கம்மா அக்கா வாங்கிய கோப்பி

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ராக்கம்மா அக்கா தவறிவிட்டார் என்று அவருடைய மருமகன் பதுளையில் என் கடைக்கு வந்து சொன்னபோது, நான் ஒருவருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குத் தோட்டத்துப் பெண்களைத் திரட்டி வந்து, எல்லாருக்குமாக அக்காவே விலை பேசுவார். "மொதலாளி, இது வெலையா, மெரட்டலா?" என்பார். அந்த வாயை இங்கே கூடியிருக்கும் நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் சரக்கெடுக்கத் திருச்சிக்குப் புறப்பட்டபோது அக்காவும் கூட வந்தார். சிறுவயதில் கப்பலேறி இந்தியா போய்விட்ட அவருடைய தம்பி முருகேசு, துறையூர்ப் பக்கத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். "லயத்து வீட்டுக்குப் பின்னாடி நம்ம கோப்பிச் செடி இன்னும் இருக்கா அக்கா? அதுல ஒரு வாய் குடிச்சாப் போதும்" என்று போனில் கேட்டிருந்தார். அந்தச் செடியின் கொட்டையை வறுத்துத் துணியில் முடிந்து, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு அக்கா வேனில் வந்தார்.

விமான நிலையத்தில் சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போனதும், இருவருக்கும் கோப்பி வாங்கினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது என்னங்க கோப்பி? நம்மளதை மோந்து பாருங்க" என்று பைக்குள் கையை விட்டார். முடிச்சு இல்லை. சாரதிக்குப் போன் செய்தேன். இருக்கையில்தான் கிடக்கிறதாம்; வேனோ வெகுதூரம் போய்விட்டது. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெறுங்கையோட போயி அவன் மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?"

பார்க்கவே பாவமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். அந்தக் கோப்பிக் கடையில் வறுத்த உள்ளூர்க் கொட்டையைப் பாக்கெட் போட்டு அடுக்கியிருந்தார்கள். எந்தப் பக்கத்துக் கொட்டை என்று கடைப் பெண்ணிடம் சிங்களத்தில் கேட்டார். ஊவா என்றாள் அவள்.

"ஊவான்னா நம்ம பக்கந்தானே மொதலாளி? அப்ப பாதிதான் பொய்."

காசு கொடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு அவரே வாங்கினார். பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். விமானம் ஏறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

துறையூரில் அந்த முடிச்சை அவிழ்த்துத் தம்பியின் உள்ளங்கையில் கொட்டினார். "நம்ம செடியில பறிச்சதுடா" என்றார். முருகேசு நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். அக்கா அரைத்து, கருப்பட்டி போட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. "அதே ருசிக்கா" என்று முருகேசு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அந்த முறைதான் அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

முருகேசு பிழைத்து எழுந்துவிட்டார். அக்காவின் சாவை அவருக்கு நான்தான் போனில் சொன்னேன். அழுது ஓய்ந்தபின் கேட்டார்:

"மொதலாளி, அன்னைக்கு அக்கா கொண்டாந்தது கடையில வாங்குன கோப்பிதானே?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அக்கா கோப்பி வறுத்தா, ஊர்க்கதை பேசிக்கிட்டே பாதியக் கருக்கிரும். அதுல ஒண்ணுகூடக் கருகல. கேட்டா அழுதுரும்னு நான் கேக்கலைங்க."

அன்று நானும் அந்தக் கோப்பியைக் குடித்தவன். அதைவிட நல்ல கோப்பியை இன்றுவரை நான் குடித்ததில்லை. ராக்கம்மா அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ருசி.